கருவியைத் தொடாத இசைஞர்: ஒரு ட்ரம் அண்ட் பேஸ் வாழ்க்கை குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இதை எழுதுகிறேன்

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. பின்னால் சோபாவில் இருப்பவர், "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும்" என்பார். முன்னால் கணினியில் இருப்பவர் அந்த இருட்டை ஒரு ஃபில்டராகவோ எதிரொலியாகவோ அரைச் சுருதி இறக்கமாகவோ மாற்றிக் கொடுக்க வேண்டும். பாட்டு வெளிவரும்போது பின்னால் இருந்தவர் பெயர் அட்டையின் முகப்பில் இருக்கும். முன்னால் இருந்தவர் பெயர் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. அப்படியானால் அந்தப் பாட்டைச் செய்தது யார்?

பல வருடங்களாக என்னைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி இது. இதற்கு நான் பார்த்தவற்றிலேயே மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. வேகமான டிரம்ஸும் அடியில் கனமான தாழ்சுருதி ஒலியும் (பேஸ்) கொண்ட ட்ரம் அண்ட் பேஸ் இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமான ஒரு டிஜே, இசைத் தயாரிப்பாளர். அவருடைய பெரிய படைப்புகள் எல்லாமே இன்னொருவரின் கைகள் வழியாக உருவானவை. அதை அவர் மறைத்ததும் இல்லை.

இந்தக் குறிப்பில் ஆட்களைப் பெயர் சொல்லாமல், செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன்: இசைஞர், இன்ஜினியர், பாடகி. ஆல்பங்களின் பெயரைச் சொன்னதுமே விவரம் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதில் தவறில்லை. ஆனால் பெயரைச் சொன்னால் பேச்சு அவருடைய தங்கப் பற்கள் பக்கமும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்த பக்கமும் போய்விடுகிறது. எனக்கு வேண்டியது ஸ்டூடியோவுக்குள் வேலை எப்படிப் பங்கு பிரிந்தது என்பது மட்டும்.

பின்னணி: 1965 முதல் 1991 வரை

இசைஞர் 1965இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வால்சால் ஊரில் பிறந்தார். தந்தை ஜமைக்காவைச் சேர்ந்தவர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். மூன்று வயதில் தாய் அவரை அரசுப் பராமரிப்பில் விட்டார். அதன் பிறகு வளர்ப்புக் குடும்பங்கள், குழந்தைகள் இல்லங்கள் என்று மாறி மாறி வளர்ந்தார். இந்த விவரத்தை இங்கே சொல்வது இரக்கத்துக்காக இல்லை. 1998இல் அவர் எடுத்த ஒரு முடிவுக்கு இதுதான் வேர்.

இசைக்கு முன்னால் அவருக்கு ஓவியம் வந்தது. எண்பதுகளில் வுல்வர்ஹாம்டன், பர்மிங்காம் பகுதிச் சுவர்களில் கிராஃபிட்டி வரைந்தார், பிரேக்டான்ஸ் ஆடினார். கிராஃபிட்டி வழியாகவே நியூயார்க் போனார். பிறகு மயாமியில் கொஞ்ச காலம் தங்கப் பல் உறைகள் செய்து விற்றார். தொழில்முறை இசைப் பயிற்சி கிடையாது, வாத்தியம் வாசிக்கத் தெரியாது, இசைக் குறியீடு படிக்கத் தெரியாது.

1991 வாக்கில் லண்டனில் இரண்டு பெண்கள் அவரை ஒரு கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். சேரிங் கிராஸ் பகுதியில் ஹெவன் என்ற கிளப், வியாழக்கிழமை இரவு, நிகழ்ச்சியின் பெயர் ரேஜ். அங்கே ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்கள் பழைய ஃபங்க் இசைத்தட்டுகளின் டிரம்ஸ் துண்டுகளை வேகம் கூட்டி, அடியில் கனமான பேஸ் ஓடவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ட்ரம் அண்ட் பேஸாக வளர்ந்த இந்த இசைக்கு ஜங்கிள் என்ற பெயர் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு பெண்களும் பின்னாளில் ஜோடியாக வாசித்துப் பெயர் பெற்ற டிஜேக்கள் ஆனார்கள். ஒருவர் அதற்கு முன் ரேடியோகிராஃபராக வேலை பார்த்தவர். இசைஞரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது அவர்கள் கூட்டிப்போன அந்த இரவுதான். இதை எழுதும் பலர் அவர்களை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள், அது நியாயமில்லை. பின்னால் வரும் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) கதையிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

கவனித்தவை: டாலிஸ் ஹில், 1992

இசைஞர் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் வடமேற்கு லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்த ரீஇன்போர்ஸ்ட் ரெக்கார்ட்ஸ். 4ஹீரோ குழுவினர் நடத்திய லேபிள் அது. அவர்களுக்குக் கருவிகள் அத்துப்படி. இவருக்கோ ஒன்றும் தெரியாது. முதலில் லேபிளுக்குப் படம் வரைந்து கொடுத்தார், அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார், அதற்கப்புறம் சொல்லத் தொடங்கினார்.

அந்தக் காலத்து அமர்வுகளில் ஒன்று மூன்று நாளுக்கு மேல் நீண்டது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒலித்துண்டைப் பதிந்து வேண்டியபடி திருப்பி வாசிக்கும் கருவியான சாம்ப்ளரில் ஒரு ஒலியை எடுப்பார்கள். அதைத் திரித்து மறுபடி பதிவார்கள். அந்தப் பதிவையே மீண்டும் சாம்ப்ளருக்குள் போடுவார்கள். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போவது போல. பிரதியில் விழும் அழுக்கும் கரகரப்பும் அவர்களுக்குப் பிழையாகத் தோன்றவில்லை, அதைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1992இல் வந்த 'டெர்மினேட்டர்' பாட்டை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலை எப்படிப் பங்கு பிரிந்தது என்பது அதில் கண்ணாடி போலத் தெரிகிறது.

அன்றைய சாம்ப்ளர்களில் பொதுவாகச் சுருதியும் வேகமும் ஒரே கயிற்றில் கட்டியவை. டேப்பை வேகமாகச் சுழற்றினால் குரல் கீச்சென்று மேலே போகும், பாட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். சாம்ப்ளரில் ஒரு டிரம்ஸ் துண்டின் சுருதியை ஏற்றினாலும் அதே கதைதான், துண்டு குறுகிவிடும், தாளம் பிசகும். 'டெர்மினேட்டர்' பாட்டில் டிரம்ஸின் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் வேகம் இம்மியும் மாறுவதில்லை. ஹெட்போனில் கேட்டால் தரை அப்படியே இருக்க, சுவர்கள் மட்டும் உயர்வது போல இருக்கும். இவன்டைட் எச்3000 என்ற ஹார்மனைசர் கருவி அந்தக் கயிற்றை அறுத்துக் கொடுத்தது. பாடகர்களின் குரலுக்குத் துணைச் சுருதி சேர்ப்பதுபோன்ற வேலைகளுக்கு வாங்கப்படும் கருவி அது. அதற்குள் டிரம்ஸை அனுப்பியதில் இருக்கிறது புதுமை.

இதில் யார் என்ன செய்தார்கள்? கருவியை இயக்கியது ஒரு இன்ஜினியர். டிரம்ஸ் மேலே ஏற வேண்டும், ஆனால் ஓட்டம் குறையவும் கூடாது கூடவும் கூடாது என்று கேட்டது இசைஞர். கருவியின் கையேட்டை நன்கு படித்தவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றியிருக்குமா என்பது என் சந்தேகம். எந்தப் பெட்டி எதற்கு என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் எல்லைக்குள்ளேயே யோசிக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அவர் சொல்லும் விதம். தாளத்தை வாயாலேயே சொல்லிக் காட்டுவார். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை, வாயில் வராத தாளம் கையில் வராது என்று சொல்லித்தானே மிருதங்கம் கற்றுக்கொடுக்கிறார்கள். பாட்டின் அமைப்பைக் காகிதத்தில் படமாக வரைந்தும் காட்டுவார். கிராஃபிட்டி வரைந்த கை, எது முன்னால் நிற்க வேண்டும், எது நிழலாகப் போக வேண்டும் என்பதைக் கோட்டில் காட்டிவிடும்.

முதல் முடிவு: கற்றுக்கொள்ளாமல், கூட்டாளி தேடுவது (1993–1995)

இந்த இடத்தில் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சாம்ப்ளரையும் கணினியையும் தானே கற்றுக்கொள்ளலாம். அகாய் சாம்ப்ளர் ஒன்று, அடாரி கணினி ஒன்று, மிக்ஸர் ஒன்று என்று படுக்கையறையில் தொடங்கிய பையன்கள் அன்றைக்கு லண்டனில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இல்லையென்றால் நல்ல இன்ஜினியர் ஒருவரைப் பிடித்து, தன் மனதில் ஓடுவதை அவர் வழியாக வெளியே கொண்டுவரலாம். இசைஞர் எடுத்தது இரண்டாவது வழி.

அவர் போய்ச் சேர்ந்த இன்ஜினியர் சாதாரண ஆள் இல்லை. ஸ்டீவனேஜ் ஊரில் மூவிங் ஷேடோ என்ற லேபிளை 1990இல் தொடங்கியவர், தானே இந்த இசையில் பாட்டுகள் வெளியிட்டவர். சொல்வதைச் செய்யும் கை மட்டும் அல்ல, தனக்கென்று காது உள்ளவர். இந்தத் தேர்வைத்தான் இசைஞரின் முழு வாழ்க்கையிலும் சிறந்த முடிவாக நான் நினைக்கிறேன். சொன்னபடி மட்டும் செய்கிற ஒருவர் கிடைத்திருந்தால் வேலை இன்னும் சுலபமாகப் போயிருக்கும், பாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மூன்றாவது ஆள் பாடகி. மான்செஸ்டர்க்காரர். 1993இல் அர்பன் குக்கி கலெக்டிவ் குழுவில் பாடிய நடனப் பாட்டால் ஐரோப்பா முழுக்க அறியப்பட்ட குரல். அதே வருடம் 'ஏஞ்சல்' பாட்டில் இசைஞரோடு சேர்ந்தார். 1994 இறுதியில் 'இன்னர் சிட்டி லைஃப்' வந்தது. வயலின்கள் போன்ற நீண்ட ஒலிகள் மெதுவாகப் படர்கின்றன, குரல் நெருக்கடி மிகுந்த நகர வாழ்க்கையைப் பற்றி அவசரமே இல்லாமல் பாடுகிறது, அடியில் டிரம்ஸ் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அந்தப் பாட்டில் கால் டிரம்ஸோடு போகும், மூச்சு குரலோடு போகும். ஒரே பாட்டுக்குள் இரண்டு காலங்கள். விளம்ப காலத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது மிருதங்கம் துரித காலத்தில் நிரப்பிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு இந்த உணர்வு புரியும்.

1995இல் 'டைம்லெஸ்' ஆல்பம் லண்டன் ரெக்கார்ட்ஸைச் சேர்ந்த எஃப்எஃப்ஆர்ஆர் என்ற லேபிள் வழியாக வெளிவந்தது. முதல் பாட்டே 21 நிமிடம், மூன்று பகுதிகள். ரேடியோவில் ஓடிய 'இன்னர் சிட்டி லைஃப்' அந்த நீண்ட பாட்டின் ஒரு பகுதிதான். 12 அங்குல இசைத்தட்டில் ஆறேழு நிமிடப் பாட்டுகளாக, கிளப்புக்கு மட்டும் என்று வெளிவந்துகொண்டிருந்த இசை அது. அதை வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்கும் படைப்பாக வைக்க வேண்டும் என்பதுதான் இந்த முடிவுக்குக் காரணம்.

21 நிமிடம் என்பது வேலை செய்கிறவருக்கு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால், நாலு அடி கொண்ட ஒரு பார் ஒன்றரை விநாடி. 21 நிமிடத்துக்கு 840 பார். இந்த இசையில் ஒரே டிரம்ஸ் துண்டை மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் கேட்கிறவர்கள் சலித்துப்போவார்கள். துண்டுகளை வெட்டி, இடம் மாற்றி, ஒரு ஸ்னேரை (கூர்மையான டிரம்ஸ் அடி) முன்னால் தள்ளி, ஒரு கிக்கை (காலால் அடிக்கும் கனத்த அடி) விட்டுவிட்டு, பார் பாராக அமைக்க வேண்டும். அந்தக் காலத்துச் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில், நினைவகம் கொஞ்சமே உள்ள சாம்ப்ளரில், 840 பார். இதைச் செய்த இன்ஜினியரின் பெயர் ஆல்பத்தில் தயாரிப்பிலேயே இசைஞரின் பெயரோடு இருக்கிறது. அப்படி இருந்தது சரி, இருந்தே ஆக வேண்டியது.

ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது.

இரண்டாவது முடிவு: சொந்த லேபிள், ஞாயிறு இரவு

பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட அதே காலத்தில், 1994இல், இசைஞர் அந்த இரண்டு பெண் டிஜேக்களோடு சேர்ந்து மெட்டல்ஹெட்ஸ் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். ஹெட்போன் மாட்டிய மண்டையோடு அதன் சின்னம். தன் ஆல்பம் பெரிய நிறுவனத்தில், மற்றவர்களின் பாட்டுகள் சொந்த லேபிளில் என்று பிரித்துவைத்தார். ஃபோடெக், டில்லிஞ்சா, டாக் ஸ்காட், அலெக்ஸ் ரீஸ், லெமன் டி என்று இந்த இசையின் வலுவான பெயர்கள் பல அந்த லேபிளில் வந்தன. இவர்களில் பெரும்பாலோர் கருவியைத் தாங்களே இயக்கியவர்கள். கருவி தெரியாத ஒருவர், கருவி நன்றாகத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார். அவர் காது எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இந்தப் பட்டியலை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1995இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் ப்ளூ நோட் கிளப்பில் லேபிளின் ஞாயிறு இரவு தொடங்கியது. வெள்ளியும் சனியும் டிஜேக்கள் ஊர் ஊராக வாசிக்கப் போய்விடுவார்கள். ஞாயிறு அவர்கள் கேட்பவர்களாக வந்து நிற்கலாம். அங்கே வாசித்தவற்றில் பெரும்பகுதி டப்பிளேட். அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு போன்ற மென்மையான பூச்சு, அதில் ஒரே ஒரு பிரதி வெட்டி எடுப்பார்கள். சில பத்து தடவை ஊசி ஓடினால் பூச்சு தேய்ந்து ஒலி மங்கிவிடும். ஆனால் அந்தச் சில பத்து தடவைகளே போதும். இந்த வாரம் முடித்த பாட்டை ஞாயிறு இரவு பெரிய ஸ்பீக்கரில் போட்டு, பேஸ் நெஞ்சில் அடிக்கிறதா, ஸ்னேர் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கிறதா, எந்த இடத்தில் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள் என்று நேரில் பார்க்கலாம். சரியில்லை என்றால் திரும்பப் போய் மாற்றலாம்.

ஸ்டூடியோவுக்கு வெளியே, முகத்துக்காகப் பேசாத ஒரு கூட்டத்தின் தீர்ப்பு வாராவாரம் கிடைத்த ஏற்பாடு இது. அடுத்த பகுதிக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முடிவு: 60 நிமிடம் (1998)

1998 தொடக்கத்தில் 'சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்' என்ற இரட்டை ஆல்பம் வந்தது. இசைஞருக்கு அப்போது 32 வயது. முதல் தட்டின் முதல் பாட்டு 'மதர்', 60 நிமிடம். மூன்று வயதில் தன்னை விட்டுப் போன தாயைப் பற்றியது. இசைக்குழுவின் தந்தி வாத்தியங்கள் நீண்டு படர்கின்றன, டிரம்ஸ் வர வெகு நேரம் ஆகிறது. ஒரு சிடியில் பொதுவாக 74 நிமிடம்தான் பதியலாம் என்பதால் அந்தத் தட்டில் இன்னும் ஒரு பாட்டுக்கு மட்டும் இடம் இருந்தது. ராக் பாடகர் டேவிட் போவி பாடிய 'ட்ரூத்' அது. இரண்டாம் தட்டில் ராக் கிதார் கலைஞர் நோயல் கேலகரும் ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன்னும் வந்தார்கள்.

'மதர்' பாட்டில் பக்கத்தில் இருந்தது வேறொரு இன்ஜினியர். வேலைத் தரத்தில் குறை சொல்ல முடியாது. தந்திகள் பதிவான விதத்தை இன்றைக்கும் பாடமாகக் கேட்கலாம். ஆனால் ஆல்பத்துக்கு வந்த வரவேற்பு கலவையாக இருந்தது. விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடத்தோடு நின்றது. அதற்குப் பிறகு தன் பெயரில் முழு ஆல்பம் ஒன்று வெளியிட அவருக்கு 19 வருடம் ஆனது.

இந்தப் பாட்டைத் தோல்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முழு 60 நிமிடமும் கேட்டேன். குழந்தை ஒன்று இருட்டில் யாராவது வருவார்களா என்று காத்திருக்கும் நேரம் எவ்வளவு நீளமானது என்று அந்த நீளமே சொல்கிறது. அதைக் குறைத்தால் அந்தப் பொருள் போய்விடும். அவர் சொல்ல வந்தது நேர்மையானது, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் 21 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது. 'டைம்லெஸ்' பாட்டின் 21 நிமிடத்தில் டிரம்ஸ் திரும்பத் திரும்ப வந்து கேட்பவரின் கையைப் பிடிக்கிறது. அந்தப் பாட்டு கிளப்பின் தரையில் பிறந்து வீட்டுக்குப் போனது. 'மதர்' பாட்டை எந்த டப்பிளேட்டிலும் வெட்ட முடியாது, எந்த ஞாயிறு இரவிலும் போட்டுப் பார்க்க முடியாது. வாராவாரம் கிடைத்த அந்தத் தீர்ப்புக்கு இந்தப் பாட்டு உட்படவே வழி இல்லை. கூடவே புகழும் பணமும் சேர்ந்துவிட்ட இடத்தில், சோபாவில் இருப்பவரிடம் "இது போதும்" என்று சொல்வது முன்னால் இருப்பவருக்குக் கடினம். அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்ற கதைக்குள் நான் போகவில்லை. பொதுவாக அப்படிப்பட்ட அறைகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

விளைவுகள்: 1999 முதல் 2009 வரை

1999 ஏப்ரலில் லேபிளைத் தொடங்கிய இரண்டு பெண்களில் ஒருவர் நெடுஞ்சாலையில் இறந்துபோனார். முன்னால் போன வண்டியின் சக்கரம் சாலையில் பதித்திருந்த ஒளிக்கல் ஒன்றைப் பெயர்த்து எறிந்தது, அது கார்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவரைத் தாக்கியது. இருவரும் ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கலவைத் தொகுப்பு ஒன்று 'டிஜே-கிக்ஸ்' வரிசையில் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மற்றவர் டிஜே வேலையை விடவில்லை.

இசைஞர் நடிப்புப் பக்கம் போனார், தொலைக்காட்சிக்குப் போனார், டிஜேயாக உலகம் சுற்றினார். லேபிள் நிற்கவில்லை. 2007இல் ரூஃபிஜ் க்ரூ என்ற தன் பழைய குழுப் பெயரில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார், அதுவும் கூட்டு வேலைதான்.

2008இல் பிபிசியின் 'மேஸ்ட்ரோ' நிகழ்ச்சியில் இசைக்குழு நடத்தக் கற்று இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த வருடம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் பிராம்ஸ் இசைவிழாவுக்கு ஒரு படைப்பு எழுதும் வாய்ப்பு வந்தது. டார்வின் பிறந்து 200 வருடம் ஆனதையொட்டிய நிகழ்ச்சி. படைப்பின் பெயர் 'சைனே டெம்போரே', லத்தீனில் 'காலமற்றது', அதாவது 'டைம்லெஸ்' என்ற அதே சொல். இசைக் குறியீடு தெரியாதவர் ஒரு முழு இசைக்குழுவுக்கும் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற இசையமைப்பாளர்கள் உதவிக்கு இருந்தார்கள். இசைஞர் படமாக வரைந்தும் வாயால் சொல்லியும் காட்ட, அது குறியீடாக மாறியது.

1992இல் டாலிஸ் ஹில்லில் நடந்ததும் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தமுறை உருவாக்கிய விதத்தையே பிபிசி படம்பிடித்து ஒளிபரப்பியது. யார் சொன்னார், யார் எழுதினார் என்று ஊரே பார்த்தது. அதனால் இசைஞரின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

2014 முதல் 2022 வரை

2014இல் லண்டன் சவுத்பேங்கில் நடந்த மெல்ட்டவுன் விழாவில் ஹெரிடேஜ் ஆர்க்கெஸ்ட்ரா 'டைம்லெஸ்' ஆல்பத்தை மேடையில் வாசித்தது. சாம்ப்ளரில் வெட்டி ஒட்டிய டிரம்ஸை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசித்தார். இன்ஜினியர் பார் பாராக அமைத்ததை இரண்டு கையும் இரண்டு காலும் வைத்து வாசிப்பது என்றால் அதைக் கேட்டு, எழுதி, பழகியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் திரைக்கு முன் செய்த அந்த வேலையும் இசையமைப்புதான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பாடகி 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். 2016 புத்தாண்டு விருதுப் பட்டியலில் இசைக்கும் இளைஞர்களுக்கும் செய்த பணிக்காக இசைஞருக்கு எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசப் பட்டம் அறிவிக்கப்பட்டது. 2017இல் 'தி ஜர்னி மேன்' வந்தது, 16 பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். அப்போது அவருக்கு 51 வயது. முன்னால் உட்கார்ந்தவர் இன்னொரு இன்ஜினியர், மெட்டல்ஹெட்ஸ் லேபிளில் தன் சொந்தக் குழுவோடு வெளியிட்டுவந்த இளையவர்.

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அதற்கடுத்த படி. அந்த இளைய இன்ஜினியரும் இசைஞரும் சப்ஜெக்டிவ் என்று ஒரு ஜோடிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் 2019இல் ஒரு ஆல்பம், 2022இல் இன்னொன்று. இசைஞரின் பெயரே தனியாகப் போதும், அது விற்கும். அப்படியிருந்தும் இரண்டு பேருக்கும் சொந்தமான ஒரு பெயரை முகப்பில் போட்டார்கள்.

என்ன மாற வேண்டும்

இசைஞர் கருவி கற்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கற்றிருந்தால் 'டெர்மினேட்டர்' பாட்டில் கேட்ட கேள்வியைக் கேட்காமலே போயிருக்கலாம். மாற வேண்டியவை வேறு.

முதலாவது, ஜோடியின் தொடர்ச்சி. ஒருவர் வரையும் கோட்டை இன்னொருவர் ஒலியாகப் படிக்கப் பழக மாதங்கள் ஆகும். ஒவ்வொரு பெரிய படைப்புக்கும் புது இன்ஜினியர் என்றால் அந்தப் பழக்கம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. புதிதாக வந்தவர் மறுத்துப் பேசவும் தயங்குவார்.

அந்த மறுப்பு முக்கியம். ஸ்டூடியோவில் வேலை தொடங்கும்போதே, நீளத்தைப் பற்றியும் அமைப்பைப் பற்றியும் மறுத்துப் பேச இன்ஜினியருக்கு உரிமை உண்டு என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். முடிவு இசைஞருடையதாகவே இருக்கட்டும். ஆனால் கேள்வி எழும்பியாக வேண்டும். கிளப்பில் போட்டுப் பார்க்க முடியாத படைப்பு என்றால், அதற்குப் பதிலாகப் படைப்போடு சம்பந்தமில்லாத நாலு பேரைக் கூப்பிட்டு முழுதாகக் கேட்கவைக்க வேண்டும்.

இன்னொன்று, பங்கை எழுதிவைப்பது. இந்த இசை முழுவதற்கும் அடியில் ஒரு பழைய கடன் கிடக்கிறது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு பதிந்த 'அமென், பிரதர்' பாட்டில் நாலு பார் டிரம்ஸ், ஆறேழு விநாடி. ஜங்கிளிலும் ட்ரம் அண்ட் பேஸிலும் எண்ணிலடங்காத பாட்டுகள் அந்தத் துண்டை வெட்டிச் செய்தவை. அதை வாசித்த கிரெகரி கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் கிடைக்கவில்லை, 2006இல் வீடில்லாமல் இறந்தார். 2015இல் இங்கிலாந்து டிஜேக்கள் இருவர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, குழுத் தலைவராக இருந்தவருக்கு சுமார் 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது எட்டவில்லை. யாருடைய கை எதைச் செய்தது என்று அன்றன்றைக்கே எழுதிவைக்காவிட்டால் பிறகு கணக்குத் தீர்க்க ஆள் இருக்கமாட்டார்கள்.

என் ஸ்டூடியோவில் இப்போது மேசையின் இடது பக்கம் ஒரு நீளக் கணக்கு நோட்டு கிடக்கிறது. ஒவ்வொரு இரவும் கருவிகளை அணைக்கும் முன்னால் பாட்டின் பெயர், அன்றைக்கு நுழைந்த யோசனை, அதைச் சொன்னவர், அதை ஒலியாக்கியவர் என்று ஒரு வரி. இரண்டு பேர் கையெழுத்து. பாடவந்தவர் தானாக ஒரு சங்கதி சேர்த்துப் பாடினால் அதற்கும் ஒரு வரி, அவர் கையெழுத்து. நேற்று இரவு ஒரு பாட்டுக்கு ஏழு வரிகள் ஆயின, அதில் மூன்று வரிகளில் சொன்னவர் பத்தியில் இருந்தது உதவியாளர் பையனின் பெயர்.